கை கழுவச் சொன்னவர்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆயிற்று. பதில் தள்ளிப்போனதற்கு நல்ல காரணம் உண்டு: நான் தாத்தா ஆகிவிட்டேன். பேத்தி. தாயும் சேயும் நலம்.

குழந்தையைப் பார்க்க ஓடினேன். நர்ஸ் வாசலிலேயே மறித்து, "முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க சார்" என்றார். விரலிடுக்கு விடாமல் நான் தேய்க்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அப்போதுதான் செம்மல்வெய்ஸ் நினைவுக்கு வந்தார். உலகத்தை மாற்றியவர்கள் என்று நீ எழுதியிருந்த பட்டியலில் அலெக்சாண்டரும் நெப்போலியனும் இருக்கிறார்கள், இவர் இல்லை. சண்டைக்கு வரவில்லை, கேள்.

இக்னாஸ் செம்மல்வெய்ஸ் ஹங்கேரிக்காரர். 1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் வேலை பார்த்தார். அங்கே இரண்டு பிரசவப் பிரிவுகள். ஒன்றில் டாக்டர்களும் மாணவர்களும், மற்றதில் மருத்துவச்சிகள். 1846இல் டாக்டர்கள் பார்த்த பிரிவில் 100க்கு 11 தாய்மார் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பிரிவில் 3 பேர்கூட இல்லை. "அந்தப் பிரிவில் மட்டும் சேர்க்காதீர்கள்" என்று பெண்கள் காலில் விழுந்து அழுவார்களாம். வரும் வழியில் தெருவிலேயே பெற்றவர்கள்கூட அவ்வளவாகச் சாகவில்லை.

மனிதர் எதைத்தான் சந்தேகப்படவில்லை! சாகக் கிடப்பவர்களுக்காகப் பாதிரியார் மணியோசையோடு வார்டு வழியே போவார். அந்தப் பயத்தில்தான் சாகிறார்களோ என்று நினைத்து மணியை நிறுத்தி, பாதையையும் மாற்றச் சொன்னார். ஒன்றும் மாறவில்லை.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர் கொலெட்ச்கா இறந்தார். பிரேதப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டிருந்தது. அவர் உடலை அறுத்துப் பார்த்தால், பிரசவத்துக்குப் பின் இறந்த தாய்மாரிடம் கண்ட அதே அறிகுறிகள். பொறி தட்டிவிட்டது. டாக்டர்கள் பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ வார்டுக்குத்தானே போகிறார்கள்! பிணத்தின் விஷம் கையோடு போகிறது என்று நினைத்தார். சோப்புப் போட்டாலும் கையில் பிண வாடை போகாது. வாடையைப் போக்குவது அந்த விஷத்தையும் போக்கும் என்று குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கழுவச் சொன்னார். ஏப்ரலில் 100க்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் 2 ஆக இறங்கியது. கிருமிதான் நோய்க்குக் காரணம் என்று டாக்டர்கள் ஏற்றுக்கொள்ளாத காலம் அது.

அப்புறம் என்ன, மாலை போட்டார்களா? கை கழுவச் சொன்னவரையே கைகழுவி விட்டார்கள். "இத்தனை பேரை நாமே கொன்றோம்" என்று எந்த டாக்டருக்கு ஒப்புக்கொள்ள மனம் வரும்? ஆனால் இவர் பக்கமும் தப்பு உண்டு என்பது என் எண்ணம். கண்டதை ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. புத்தகம் 1861இல்தான் வந்தது. மறுத்தவர்களைக் கொலைகாரர்கள் என்று பகிரங்கக் கடிதங்களில் திட்டினார். வாய் காரியத்தைக் கெடுத்துவிட்டது.

1865இல் மனநல விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டே வாரம். காயம் அழுகி, ரத்தத்தில் விஷம் ஏறி, ஆகஸ்ட் 13 அன்று போய்ச் சேர்ந்தார். வயது 47. அதற்கு முந்தின நாள்தான் கிளாஸ்கோவில் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர், வண்டிச் சக்கரம் ஏறி உடைந்த ஒரு சிறுவனின் காலில், கிருமியைக் கொல்லும் கார்பாலிக் அமிலம் வைத்துக் கட்டினார். பையன் பிழைத்தான்.

நான் அந்த வார்டில் டாக்டராக இருந்திருந்தால் அவர் பேச்சைக் கேட்டிருப்பேனா? இரண்டு நாளாக இதையே யோசிக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

சரி, உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? எழுது. பேத்தியைப் பார்க்க வா. ஆனால் கையைக் கழுவினால்தான் தூக்கத் தருவேன்.

என்றும் உன்,
பழைய பெஞ்சு நண்பன்