வேரைப் பிரிப்பது வேறு, அசையைப் பிரிப்பது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

மாணவர் பக்கத்தில் ஆங்கிலச் சொற்களை லத்தீன் வேர்வாரியாகத் தொகுத்துத் தருவது மிகவும் பயனுள்ள வேலை. ஆனால் வேர்ப் பிரிப்பையும் அசைப் பிரிப்பையும் ஒரே வரியில் கலந்து அச்சிடுவதால் பிள்ளைகள் குழம்பிப் போகிறார்கள்.

'போர்ட்' என்றால் சுமத்தல். இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட் ஆகிய மூன்றிலும் எப்படிப் பிரித்தாலும் ஒரே விடைதான். அதனால் எல்லாச் சொல்லும் இப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். 'இன்ஸ்பெக்டர்' அப்படியல்ல. பொருளுக்காகப் பிரித்தால் இன் + ஸ்பெக்ட் + ஆர்: உள்ளே, பார், செய்பவர். வாயால் சொன்னால் இன்-ஸ்பெக்-டர். பின்னொட்டு உயிரில் தொடங்குவதால் வேரின் கடைசி மெய் அடுத்த அசைக்குத் தாவிவிடுகிறது.

எழுத்துப் பிழைக்கு மருந்து வேர்தான். அசை அங்கே கைகொடுக்காது. 'அக்காமடேட்' என்ற சொல்லில் காதுக்குக் கேட்பது ஒரு ககரமும் ஒரு மகரமுமே. ஆனால் அது அட் + காம் + மாட் என்ற சேர்க்கை. 'அட்' முன்னொட்டின் கடைசி மெய், அடுத்து வரும் 'காம்' தொடங்கும் 'சி'யாகவே மாறிவிடுகிறது. 'காம்' முடிவதும் 'மாட்' தொடங்குவதும் 'எம்'மில். எனவே இரண்டு சி, இரண்டு எம். இதை ஒரு முறை விளக்கிவிட்டால் மனப்பாடம் தேவையில்லை. 'எக்ஸ்பெக்ட்' சொல்லில் 'ஸ்பெக்ட்' வேரின் 'எஸ்' காணாமல் போவதும் இப்படித்தான்: 'எக்ஸ்' எழுத்திலேயே அந்த ஒலி அடங்கிவிட்டது. 'சூப்பர்சீட்' மட்டும் 'எஸ்' எழுத்தோடு வருவதற்குக் காரணம், அதன் வேர் 'உட்கார்' என்பது; ப்ரிசீட் (முந்து), ரிசீட் (பின்வாங்கு) போன்றவற்றின் வேரோ 'போ' என்பது.

அசைப் பிரிப்பு உதவுவது உச்சரிப்புக்கு. 'ஷன்' என முடியும் சொற்களில் அழுத்தம் அதற்கு முந்தைய அசையில் விழும். இன்ஃபார்ம் என்பதில் 'ஃபார்ம்' ஓங்கி ஒலிக்கிறது. இன்ஃபர்மேஷன் என்றானதும் அழுத்தம் 'மே'க்குப் போய், 'ஃபார்' தேய்ந்து 'ஃபர்' ஆகிவிடுகிறது. வேர் மாறவில்லை, ஒலி மாறிவிட்டது.

ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு வரி கொடுங்கள். முதல் வரியில் கூட்டல் குறியிட்டு வேர். அடுத்ததில் சிறு கோடிட்டு அசை, அழுத்தம் விழும் அசை தடித்த எழுத்தில். 'போர்ஷன்' போன்ற சொல்லைப் 'போர்ட்' குடும்பத்தில் சேர்த்துவிட வேண்டாம். அது 'பங்கு' என்ற வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முதல் நான்கு எழுத்து ஒத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்