அந்த விவாதத் தலைப்பை மாற்றுங்கள்: எங்கள் தமிழ்ச் சங்க விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

விழாக் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பொங்கல் விழாவில் பிள்ளைகள் பேசப்போகும் விவாதத் தலைப்பு பற்றி எழுதுகிறேன். ‘வசதிகள் சமமாக இருந்திருந்தால், அமெரிக்காவில் இனவாரியாகப் பிரித்து வைத்தது நியாயமே’ என்று வைத்திருக்கிறீர்கள். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குச் சீட்டுக் குலுக்கலில் ‘நியாயமே’ அணி விழுந்திருக்கிறது. அதில் யார் மீதும் எனக்குக் குறை இல்லை. தனியாக மின்னஞ்சல் அனுப்பாமல் எல்லோர் முன்னும் எழுதுவதற்குக் காரணம் வேறு. போன கூட்டத்தில் இரண்டு மூன்று பெற்றோர் என்னிடமே கேட்டார்கள்: “நிஜமாகவே சமமாகக் கொடுத்திருந்தால் என்னங்க தப்பு?”

கொடுத்துப் பார்த்த ஊர் நம் வர்ஜீனியாவிலேயே இருக்கிறது. பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் உள்ள ஃபார்ம்வில். போன கோடையில் மகளோடு அங்கே போயிருந்தேன். கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று கட்டிய பழைய மோட்டன் உயர்நிலைப் பள்ளி இப்போது அருங்காட்சியகம். 180 பேருக்காகக் கட்டிய ஒற்றை மாடிச் செங்கல் கட்டடம் அது. 1950 வாக்கில் 450 பேருக்கு மேல் படித்தார்கள். இடம் போதாமல் வெளியே தார்க் காகிதம் ஒட்டிய கொட்டகைகள் போட்டார்கள். மழை பெய்தால் உள்ளே குடை பிடித்துக்கொண்டு பாடம் கேட்க வேண்டும். குளிரில் அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு வியர்க்கும், தள்ளி இருப்பவர் கோட்டைக் கழற்ற முடியாது. 1951 ஏப்ரல் 23 அன்று 16 வயது பார்பரா ஜான்ஸ் அந்தக் கூடத்து மேடையில் ஏறி மாணவர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார். என் மகள் அந்த மேடைக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். அவளைவிட இரண்டே வயது மூத்த பெண்.

உங்கள் தலைப்புக்குப் பதில், அதன் பிறகு நடந்ததில் இருக்கிறது. வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்து மாணவர்கள் தரப்பில் போட்ட வழக்கை விசாரித்த நீதிமன்றம் 1952இல், பிரித்து வைப்பது சட்டப்படி சரி, வசதிகளை மட்டும் சமமாக்குங்கள் என்றது. 1953இல் புதிய மோட்டன் பள்ளி திறந்தது. நல்ல கட்டடம். குடை தேவைப்படவில்லை. அடுத்த ஆண்டே, இந்த வழக்கையும் சேர்த்து விசாரித்த உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் பிரிவினையே கூடாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 1959இல், இனிச் சேர்த்தே நடத்தியாக வேண்டும் என்ற நிலை வந்தபோது, கவுண்டி நிர்வாகம் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்க மறுத்து எல்லா அரசுப் பள்ளிகளையும் மூடியது. அந்தப் புதுக் கட்டடத்துக்கும் பூட்டு. வெள்ளைப் பிள்ளைகளுக்கு உடனே ஒரு தனியார் பள்ளி முளைத்தது, பெற்றோருக்கு அரசு உதவித்தொகையும் கிடைத்தது. கறுப்பினப் பிள்ளைகள் சுமார் 1,700 பேருக்கு ஊரில் பள்ளிக்கூடம் இல்லை. 1963இல் நன்கொடையில் இலவசப் பள்ளிகள் வரும்வரை நான்கு ஆண்டுகள். சிலர் வெளியூரில் உறவினர் வீட்டுக்குப் போய்ப் படித்தார்கள். சிலர் படிப்பையே விட்டார்கள்.

நிர்வாகம் மனம் வைத்தபோது கட்டடம் வந்தது, மனம் மாறியபோது பூட்டும் வந்தது. இரண்டு முறையும் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரை யாரும் கேட்கவில்லை. இதில் சமம் எங்கே இருந்தது?

கட்டடத்தை விடுங்கள், எல்லாமே ஒன்றாக இருந்தால்? அதற்கும் வழக்கு இருக்கிறது. ஓக்லஹோமா பல்கலைக்கழகம் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு ஜார்ஜ் மெக்லாரின் என்ற கறுப்பின ஆசிரியரை முனைவர் பட்டப் படிப்பில் சேர்த்தது. அதே பேராசிரியர், அதே பாடம், அதே நூலகம், அதே உணவகம். ஆனால் வகுப்பை ஒட்டிய சிறு அறையில் தனியாக உட்கார வைத்தார்கள். நூலகத்திலும் உணவகத்திலும் தனி மேசை. 1950இல் உச்ச நீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை. சக மாணவரோடு பேச, வாதிட முடியாதவர் படிக்கும் படிப்பு அதே படிப்பு ஆகாது என்பதே காரணம்.

பிரித்தவர்களுக்கே அது சமம் இல்லை என்று தெரியும். ரயில் பெட்டிகளைப் பிரித்த 1890ஆம் ஆண்டு லூசியானா சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு: வெள்ளைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் கறுப்பினத் தாதி வெள்ளையர் பெட்டியில் ஏறலாம். வேலைக்காரியாக வந்தால் உட்காரலாம், பயணியாக வந்தால் கைது. அந்தச் சட்டத்தைத்தான் 1896இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

நம்மவர்கள் இதை வெள்ளையர்–கறுப்பர் சண்டையாக மட்டும் பார்ப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மிசிசிப்பியில் மார்த்தா லம் என்ற சீனச் சிறுமி வெள்ளையர் பள்ளியில் சேர வழக்குப் போட்டபோது, நீ ‘நிறத்தவர்’ பிரிவு, அவர்களுக்கான பள்ளிக்குப் போ என்று 1927இல் தீர்ப்பு வந்தது. நம் பிள்ளைகளுக்கு எந்த வாசலைக் காட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? பிரிவினையை எதிர்த்துக் கறுப்பின மக்கள் நடத்திய போராட்டங்களின் வேகத்தில் வந்த 1965 குடியேற்றச் சட்டத்தால்தான் நம்மில் பெரும்பாலோர் இங்கே இருக்கிறோம்.

விவாதம் என்றால் எந்தப் பக்கமும் பேசப் பழக வேண்டும் என்று சொல்வீர்கள். சரி. ‘கட்டடமா, நீதிமன்றமா: ஃபார்ம்வில் மாணவர்கள் எதைக் கேட்டிருக்க வேண்டும்?’ என்று வையுங்கள். கட்டடம் கேட்டுத்தான் அவர்கள் வெளியே வந்தார்கள். பிரிவினையையே எதிர்ப்பதானால்தான் வழக்கை எடுப்போம் என்று வழக்கறிஞர்கள் சொன்ன பிறகுதான் கோரிக்கை மாறியது. அதில் இரண்டு பக்கமும் நிஜமாகவே பேச இடமிருக்கிறது. பிள்ளைகளை ஒருநாள் அங்கே அழைத்துப் போக என் வண்டியில் ஆறு பேருக்கு இடம் உண்டு.

மகள் இன்னும் உரை எழுத ஆரம்பிக்கவில்லை. சனிக்கிழமைக்குள் பதில் சொன்னால் நல்லது.

அன்புடன்,
சங்க உறுப்பினர், ஒரு பெற்றோர்