வீச்சை அளப்பதில் நேரும் பிழை

ஆசிரியருக்கு,

பிளஸ் 1 மாணவர்கள் அலைவுகள் பாடத்தில் அதிகம் சறுக்கும் இடம் வீச்சு. சமநிலைப் புள்ளியிலிருந்து, அதாவது குண்டு ஆடாமல் தொங்கும் இடத்திலிருந்து, ஒரு கோடிவரை உள்ள தூரம்தான் வீச்சு. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இடைப்பட்டது அல்ல. ஊசல் குண்டு இருபுறமும் 6 செ.மீ. விலகினால் வீச்சு 6 செ.மீ.தான். ஒரு முழு அலைவில் அது கடக்கும் பாதை ஏறத்தாழ 24 செ.மீ. வீச்சை 12 என்று எழுதிவிட்டால், ஆற்றல் வீச்சின் வர்க்கத்துக்கு நேர்விகிதம் என்பதால், அடுத்த கணக்கில் விடை நான்கு மடங்காகிவிடும்.

'வீச்சு அலைவு நேரத்தைப் பாதிக்காது' என்ற வரியும் பாதிதான் உண்மை. அது சிறு கோணத்துக்கே பொருந்தும். 1 மீட்டர் நீள ஊசலை 5 டிகிரியில் விட்டால் 20 அலைவுகளுக்குச் சுமார் 40.2 வினாடி. 45 டிகிரியில் விட்டால் 41.7 வினாடிக்கு மேல் போகும். அந்த நேரத்தை வைத்துக் கணக்கிட்டால் கிடைக்கும் புவியீர்ப்பு முடுக்கமோ 9.8-க்குப் பதில் 9.1. பிழை எங்கே என்று தெரியாமல் பிள்ளைகள் நூலின் நீளத்தைத்தான் திரும்பத் திரும்ப அளப்பார்கள், பாவம்.

குண்டுக்குக் கீழே அளவுகோல் வைத்து 8 செ.மீ. மட்டும் இழுத்து, தள்ளாமல் விடச் சொல்லலாம். எண்ணத் தொடங்குவது கோடியில் அல்ல, நடுவில். கோடியில் குண்டு தயங்கி நிற்பதால் ஸ்டாப்வாட்ச்சை எந்தக் கணத்தில் அழுத்துவது என்று தெரியாது. நடுவில் வேகம் அதிகம், அங்கே ஒரு சாக்பீஸ் கோடு போதும். முதல் கடப்பை 'பூஜ்யம்' என்று எண்ண வேண்டும். 'ஒன்று' என்று தொடங்கினால் 20-க்குப் பதில் 19 அலைவுகளே கணக்கில் வரும்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்கள் சிலர்