தீப்பெட்டிக்குள் பட்டுப்பூச்சி

டேய் முகில்,

மழை விட்டதும் பள்ளி மைதானத்தில் வெல்வெட் துணிபோல் சிவப்பாகக் குட்டியாக ஒன்று ஊர்ந்ததாக ஒரு போட்டோ அனுப்பி, "இது என்ன அத்தை" என்று கேட்டிருந்தாய். பட்டுப்பூச்சிடா அது, பட்டுநூல் தருகிற பூச்சி இல்லை. சங்கப் பாடல்களில் அதற்கு மூதாய் என்று பெயர். தொட்டுப் பார்த்தாயா? தொட்டவுடன் காலையெல்லாம் மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கிடக்கும், நாம் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒவ்வொன்றாக நீட்டும். எண்ணிப் பார், எட்டுக் கால் இருக்கும். பூச்சி என்று கூப்பிடுகிறோமே தவிர சிலந்திக்குத்தான் சொந்தம்.

கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டிக்கா பஞ்சம்? உன் அப்பத்தா வீட்டிலேயே உட்கார்ந்து பெட்டி ஒட்டுவாள், அதில் கோணலாகப் போனதெல்லாம் எனக்கும் உன் அப்பாவுக்கும். ஒன்றில் பட்டுப்பூச்சி, ஒன்றில் பொன்வண்டு. பொன்வண்டுக்கு உடைமர இலையும் கொடுக்காப்புளி இலையும் போட்டு வைத்தால் முட்டைகூட இடும், யார் பெட்டியில் அதிகம் என்று வகுப்பில் போட்டியே நடக்கும். (உன் அப்பா ராத்திரியோடு ராத்திரியாக என் முட்டைகளைத் தன் பெட்டிக்கு மாற்றிவிடுவான். கேட்டால் இன்றைக்கும் இல்லை என்பான்.) ஒரு முட்டைகூடப் பொரித்ததில்லை. மண்ணுக்குள் இறங்கி வேரைத் தின்று வளர வேண்டிய புழு, தீப்பெட்டியில் என்ன செய்யும்?

பட்டுப்பூச்சி கதை இன்னும் மோசம். தினமும் பச்சைப் புல்லாகக் கிள்ளி வைப்பேன், இரண்டு மூன்று நாளில் சுருங்கிச் செத்துவிடும், ஏன் என்று தெரியாமல் அழுதுவிட்டு அடுத்ததைப் பிடிக்க ஓடுவேன். அது ஈசலும் கரையானும் தின்கிற உயிர் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. பட்டினி போட்டே கொன்றிருக்கிறேன். இதைச் சொல்லாமல் "அந்தக் காலத்தில் எங்களுக்கு" என்று உன்னிடம் பெருமை அடிக்க மனசு வரவில்லை.

அப்பத்தா ஒருநாளும் அதைப் பிடித்ததில்லை. ஓடை மணலில் சிவப்பாக நாலைந்து கண்ணில் பட்டால் குனிந்து மண்ணை ஒரு கை அள்ளி அமுக்கிப் பார்ப்பாள், "ஈரம் இறங்கிருச்சு" என்பாள், மறுநாள் விதைப்பு.

தீபாவளிக்கு வரும்போது அவளை ஓடைக்குக் கூட்டிப்போ. முன்போல் குனிய முடியவில்லை அவளுக்கு, நீதான் மண்ணை அள்ளிக் கையில் கொடுக்க வேண்டும். தீப்பெட்டி எதுவும் எடுத்துப் போகாதே.

அத்தை