கருவியல் பாடத்தில் விடுபட்ட நொதிகள்: விலங்கியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு, வணக்கம்.

கடலூரில் இளநிலை விலங்கியல் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கருவியல் நடத்திவரும் ஆசிரியன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். கோழிக் கருவின் 24, 48, 72 மணி நேர ஸ்லைடுகளைப் பார்த்து வரைந்து பாகம் குறிக்கும் நம் மாணவர்கள், செல்கள் பெருகுவதையும் இடம்பெயர்வதையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்; அச்செல்களைச் சூழ்ந்திருக்கும் மேட்ரிக்ஸ், அதாவது கொலாஜன் முதலிய புரதங்களாலான பின்னல், உரிய இடத்தில் உரிய வேளையில் நொதிகளால் கரைக்கப்பட்டால்தான் உறுப்புகள் ஒழுங்காக உருப்பெறும் என்பது நம் பாடத்தில் ஒரு வரியாகக்கூட இல்லை.

சென்ற ஐப்பசி மழையில் தேங்கிய குட்டையிலிருந்து சில தலைப்பிரட்டைகளை எடுத்துவந்து ஆய்வகத்தில் கண்ணாடித் தொட்டியில் விட்டிருந்தோம். முன்கால்கள் வெளிப்பட்டதும் வால் நாளுக்கு நாள் குறுகி, கருத்த முளையாகி, மறைந்தே போனது. தொட்டியின் அடியைத் துழாவிப் பார்த்த ஒரு மாணவி, "துண்டுகூட விழலையே, வால் எங்கே சார் போச்சு?" என்று கேட்டார். விடை, நான் மேலே சொன்ன கரைப்புதான். ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாப்பியர் என்ற ஆய்வாளர்கள் தலைப்பிரட்டையின் வால் திசுவைக் கொலாஜன் களியின் (ஜெல்) மேல் வளர்த்து, அக்களி கரைவதைக் கண்டு, கொலாஜனைக் கரைக்கும் கொலாஜினேஸ் நொதியை 1962இல் உலகுக்கு அறிவித்தார்கள். துத்தநாகத்தைத் துணைகொண்டு இயங்கும் அந்த நொதிக் குடும்பத்தில், மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ் என்ற பெயரில், மனித உடலில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்டவை உள்ளன.

இவற்றை வெறும் அழிப்பு நொதிகளாகக் கற்பித்தால் அதுவும் பிழையே. மேட்ரிக்ஸில் கட்டுண்டு கிடக்கும் வளர்ச்சிக் காரணிகளை விடுவிப்பவையும் இவைதான். இக்குடும்ப நொதிகளுக்கு எண்ணிட்டே பெயர் வைத்திருக்கிறார்கள்; அவற்றில் ஒன்பதாம் எண் நொதி இல்லாத சுண்டெலிகளில், வளரும் எலும்பின் குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய்கள் நுழைவது தாமதமாகி, அக்குருத்தெலும்புப் பகுதி இயல்பைவிட நீண்டுவிட்டதை 1998இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பதினான்காம் எண் நொதி இல்லாதவையோ குள்ளமாகி, முக எலும்புகள் சிதைந்து, சில வாரங்களிலேயே மடிந்தன. உறவுக் குடும்பமான அடாம்ட்ஸ் நொதிகள் சிலவற்றை ஒருசேர இழந்த சுண்டெலிகளுக்கு விரலிடைச் சவ்வு கரையாமல் விரல்கள் ஒட்டியே இருந்தன. இத்தனையையும் கட்டுக்குள் வைக்கும் திம்ப் எனும் தடுப்புப் புரதங்கள் நான்கு உண்டு. கருவில் முறையாக நடக்கும் இதே கரைப்பு கட்டுப்பாடு இழந்தால் புற்றுநோய் பரவவும் வழிசெய்யும் என்பதால், மருத்துவ ஆய்வகப் பணிக்குச் செல்லும் நம் மாணவர்களுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

காஸ்ட்ருலா எனும் தொடக்கக் கருநிலையின் வகைகளுக்கான நீண்ட வரையறைகளைச் சற்றுச் சுருக்கி, இதற்கு மூன்று வகுப்பு மணி நேரம் ஒதுக்குமாறும், தலைப்பிரட்டை வாலை நாள்தோறும் அளந்து பதிவேட்டில் குறிக்கும் பயிற்சியைச் செய்முறையில் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு தொட்டியும் ஓர் அளவுகோலும் போதும். பாடக் குறிப்பு எழுதித் தர வேண்டுமானால் அதை நானே செய்து தருகிறேன்.

இங்ஙனம்,
கருவியல் ஆசிரியர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.