நெரிசல் இழப்பை எதை வைத்து அளக்கிறோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போக்குவரத்து நெரிசலால் ஆண்டுக்கு இத்தனை ஆயிரம் கோடி இழப்பு என்று அவ்வப்போது செய்தி வருகிறது. அந்தத் தொகை எப்படி வந்தது என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. பெரும்பாலும் சாலை காலியாக இருக்கும்போது ஆகும் பயண நேரத்தை, காலை நேரத்தில் ஆகும் நேரத்திலிருந்து கழிக்கிறார்கள். மிஞ்சும் நிமிடங்களைப் பயணிகளின் எண்ணிக்கையாலும் ஒரு மணி நேரக் கூலியாலும் பெருக்கி, வீணான எரிபொருளையும் சேர்த்தால் தலைப்புச் செய்தி தயார். ஆனால் காலை ஒன்பது மணிக்கும் நள்ளிரவு வேகத்தில் போவதற்கு ஏற்ற சாலை போட்டால், அந்தச் செலவே மிச்சமாகும் நேரத்தின் மதிப்பை விழுங்கிவிடும். எனவே அந்தத் தொகை முழுவதையும் மீட்டுவிட முடியாது.

அதே சமயம், உண்மையான இழப்புகள் பல அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை. ஒரு பேருந்து போய்த் திரும்ப 60 நிமிடம் என்றால், 5 நிமிடத்துக்கு ஒன்று விட 12 வண்டி போதும். நெரிசலில் அதுவே 80 நிமிடமானால் 16 வண்டி வேண்டும். நான்கு வண்டி, அவற்றுக்கு ஓட்டுநர், டீசல், பராமரிப்பு என்று எல்லாம் கூடியும் பயணிக்கு ஒரு நடைகூட அதிகம் கிடைக்காது. சரக்கு வண்டிக்கும் இதே நிலைதான். நிச்சயமின்மை இன்னொன்று. சராசரி 30 நிமிடப் பயணம் எப்போதாவது 50 நிமிடம் இழுக்கும் என்றால், நேரத்துக்குப் போயே ஆகவேண்டியவர் தினமும் 20 நிமிடம் முன்பே கிளம்புகிறார். சராசரித் தாமதத்தை மட்டும் அளப்பவர் கண்ணுக்கு அது படாது.

ஒரு சிக்னலை எடுத்துக்கொள்வோம். 120 விநாடிச் சுற்றில் பச்சை 30 விநாடி. கிளம்பும் தயக்கத்தில் 2 விநாடி போனால், 2 விநாடிக்கு ஒன்றாக ஒரு தடத்தில் 14 கார் நிறுத்தக் கோட்டைத் தாண்டும். இரண்டு தடத்துக்கு 28, மணிக்கு 840. மணிக்கு 800 கார் வரும் வேளையில் ஒரு டெலிவரி வேன் கோட்டருகே ஒரு தடத்தை 10 நிமிடம் அடைத்து நிற்கிறது. கடந்துபோகும் அளவு பாதியாகி, சுமார் 63 கார் தேங்கும். வேன் போன பிறகும் வரிசை மணிக்கு 40 கார் வீதம்தான் கரையும். தீர 95 நிமிடம் பிடிக்கும். எல்லாருடைய தாமதத்தையும் கூட்டினால் 55 மணி நேரம். வரத்து 700 ஆக இருந்திருந்தால் அதே வேனால் வீணாவது 12 மணி நேரத்துக்கும் குறைவு. எட்டில் ஒரு பங்கு வாகனம் குறைந்தாலே தாமதம் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகிவிடுகிறது.

நெரிசலான பகுதியில் கார் ஓட்டுபவரிடம் வாங்கும் நெரிசல் கட்டணத்தின் சூட்சுமம் இதுதான். எல்லாக் கார்களையும் அகற்ற வேண்டியதில்லை. காரை எடுப்பதா வேண்டாமா என்ற விளிம்பில் நிற்கும் சிலர் வேறு நேரத்துக்கோ பேருந்துக்கோ மாறினால் போதும். சிங்கப்பூர் 1975 முதலே கட்டணம் வாங்குகிறது. ஸ்டாக்ஹோமில் 2006-இல் சோதனையாக விதித்தபோது கட்டணப் பகுதியின் எல்லைக்கோட்டைத் தாண்டும் வாகனங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. 2007-இல் அது நிரந்தரமானது. லண்டன் 2003-இல் கொண்டுவந்த முறை எனக்கு அவ்வளவாக ஒப்புதல் இல்லை. ஒருமுறை கட்டிவிட்டால் அன்று எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரே கட்டணம் என்றால், நெரிசல் உச்சத்தில் ஓட்டுபவருக்கு நேரத்தை மாற்றிக்கொள்ள என்ன காரணம் இருக்கிறது?

கட்டணத்துக்கு அரசியல் துணிவு வேண்டும். வேனை நகர்த்த அது வேண்டாம். உச்ச நேரத்தில் நிறுத்தக் கோட்டுக்கு முன்பாக எவ்வளவு தூரம் வண்டி நிறுத்தத் தடை வேண்டும் என்பதைக் கணக்கிட்டே போடலாம். வரிசையில் ஒரு காருக்கு 7 மீட்டர் வைத்தால், ஒரு பச்சையில் ஒரு தடத்தில் போகும் 14 காருக்கு 98 மீட்டர். அதற்குக் குறைவாகத் தடை போட்டால், பச்சை விழுந்தும் பின்பாதி நேரத்தில் ஒரு தடம் காலியாகவே ஓடும். பச்சையை 40 விநாடியாக நீட்டினால் 19 கார், 133 மீட்டர். கூடவே அடுத்த தெருவில் சரக்கு இறக்க இடம் ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை அபராதம் போட்டாலும் வேன் அங்கேயேதான் வந்து நிற்கும்.

இப்படிக்கு,
போக்குவரத்துப் பொறியாளர் ஒருவர்