பேசாமலே நடக்குற ஃபிலிபஸ்டர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க உலகச் செய்திப் பக்கத்துல அமெரிக்க செனட், அதாவது அவங்க மேல்சபை, பத்தி ஒரு செய்தி வந்துச்சு, எதிர்க்கட்சிக்காரங்க ஃபிலிபஸ்டர் பண்ணி ஒரு மசோதாவ நிறுத்திட்டாங்கன்னு. பக்கத்துலயே அடைப்புக்குறிக்குள்ள "அதாவது விடிய விடியப் பேசி"ன்னு ஒரு விளக்கம், கூடவே ஒருத்தர் மைக் முன்னாடி நின்னு கைய நீட்டிப் பேசுற படம் வேற. நான் ரெண்டு தடவ படிச்சுப் பாத்தேன். யாரு பேசுனாங்க, எத்தன மணிநேரம் பேசுனாங்கன்னு செய்தியில ஒரு வரி கூட இல்ல. எப்படி இருக்கும், யாருமே பேசலயே. ஓட்டெடுப்பு வச்சாங்க, மசோதா நகர வேண்டிய 60 ஓட்டு வரல, மசோதா அப்படியே நின்னுடுச்சு, அவ்ளோதான் நடந்தது.

இது உங்க பேப்பர் மட்டும் பண்ற தப்பு இல்ல, நெறைய அகராதியிலயும் இன்னும் "நீண்ட நேரம் பேசித் தாமதப்படுத்துதல்"னுதான் இருக்கு. ஆனா இந்த சொல்லோட கதைய கொஞ்சம் தோண்டிப் பாத்தா, அது ஒவ்வொரு காலத்துலயும் வேற வேற ஆளுக்கு ஒட்டிக்கிட்டு வந்துருக்கு, இப்ப அது பேச்சவே விட்டுட்டு வேற எங்கயோ போயிருச்சு. அத சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க.

ஆரம்பம் டச்சு மொழியில. அங்க ஃப்ரைபாய்ட்டர்னு ஒரு சொல், ஃப்ரைன்னா கட்டுப்பாடு இல்லாத, பாய்ட்னா கொள்ளப் பொருள், ரெண்டையும் சேத்தா எவனுக்கும் அடங்காம தன் இஷ்டத்துக்குக் கொள்ளையடிக்கிறவன். இங்கிலீஷ்காரங்க இத நேரா எடுத்து ஃப்ரீபூட்டர்னு மாத்திக்கிட்டாங்க. அதே சொல் பிரெஞ்சுக்காரங்க வாயில ஃப்ளிபுஸ்தியே ஆகி, ஸ்பானிஷ்ல ஃபிலிபுஸ்டெரோ ஆச்சு. 17ம் நூற்றாண்டுல கரீபியன் கடல்ல ஸ்பெயின் கப்பல்கள மறிச்சுக் கொள்ளையடிச்ச கூட்டத்துக்கு அதுதான் பேரு. அந்தக் கடல் எல்லாம் சுத்திட்டு மறுபடி இங்கிலீஷுக்குள்ள நொழஞ்சப்ப அது ஃபிலிபஸ்டர். ஒரே தாய்க்குப் பொறந்த ரெண்டு சொல்லு ஒரே வீட்டுல இருக்கு, ஆனா ஒண்ணுக்கொண்ணு அடையாளம் தெரியாது.

1850-கள்ல அமெரிக்கப் பேப்பர்கள்ல ஃபிலிபஸ்டர்னு வந்தா அது பேச்சாளர் இல்ல, துப்பாக்கி தூக்குன ஆளு. சொந்தமா ஒரு படை திரட்டி, கப்பல் புடிச்சு, அமெரிக்கா சண்ட போடாத வேற ஒரு நாட்டுக்குள்ள போய் அத புடிக்கப் பாக்குறவன். அமெரிக்கச் சட்டப்படியே அது குத்தம், ஆனா தெற்கு மாநிலங்கள்ல பல பேருக்கு அவங்க ஹீரோ, ஏன்னா புதுசா புடிக்கிற நெலமெல்லாம் அடிமை முறை நடக்குற மாநிலமா சேரும்னு ஒரு கணக்கு. நார்சிஸோ லோப்பஸ்னு ஒருத்தர் இப்படிக் கியூபாவப் புடிக்கப் போய் 1851ல ஹவானாவுல மரண தண்டனை வாங்குனாரு. அவர விடப் பெரிய ஆளு வில்லியம் வாக்கர். நாஷ்வில்காரர், டாக்டருக்குப் படிச்சவர், அப்புறம் வக்கீல், அப்புறம் பத்திரிகைக்காரர் (நம்ம ஜாதிதான் ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க), இதெல்லாம் பத்தாதுன்னு 1853ல மெக்சிகோவோட பாஹா கலிஃபோர்னியாவுக்குள்ள பொகுந்து தனி நாடுன்னு அறிவிச்சு, அங்கருந்து துரத்தி விட்டதும் 1855ல ஏறக்குறைய 60 பேரோட நிகராகுவாவுல போய் எறங்குனாரு. அங்க ரெண்டு கட்சி அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, ஒரு பக்கத்துக்குக் கூலிப்படையா போன மனுஷன் அடுத்த வருஷமே அந்த நாட்டுக்கு ஜனாதிபதி ஆயிட்டாரு, ஒழிச்சு முப்பது வருஷம் ஆன அடிமை முறைய மறுபடி சட்டமா கொண்டு வந்தாரு. கோஸ்டா ரிக்காவும் பக்கத்து நாடுகளும் சேந்து அடிச்சு வெரட்டுனாங்க. அப்பவும் அடங்கல, திரும்பத் திரும்பப் போயி 1860 செப்டம்பர்ல ஹோண்டுராஸ்ல ட்ருஹியோங்கிற ஊர்ல சுட்டுக் கொன்னுட்டாங்க.

இந்த ரத்தக்கற படிஞ்ச சொல் சட்டசபைக்குள்ள எப்படி வந்துச்சுங்கறதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச எடம். 1853 ஜனவரியில அமெரிக்கக் கீழ்ச் சபையில ஒரு உறுப்பினர் எழுந்து, கியூபாவப் புடிக்கப் போற இந்த ஃபிலிபஸ்டர்கள் பண்றது சரியே இல்லன்னு திட்டிப் பேசுறாரு. அத கேட்டுட்டு இருந்த மிசிசிப்பிக்காரர் ஆல்பர்ட் பிரவுன், அவருக்குக் கியூபா மேல கண்ணு, என்ன சொன்னாருன்னா நீங்கதான் இங்க நின்னு அமெரிக்காவுக்கு எதிரா ஃபிலிபஸ்டர் பண்றீங்கன்னாரு. கொள்ளைக்காரன எதிர்த்துப் பேசுனவருக்கே கொள்ளைக்காரன்னு பேரு! அது கேலியா கெளம்புன வார்த்தை, ஆனா கொஞ்சம் கொஞ்சமா சபை வேலைய மறிச்சு நிக்கிறவங்க எல்லாருக்கும் வசவா ஒட்டிக்கிச்சு, கடல்ல கப்பல மறிக்கிறவனுக்கும் சபையில மசோதாவ மறிக்கிறவனுக்கும் என்ன வித்தியாசம்னு நெனச்சாங்க போல. 19ம் நூற்றாண்டு முடியறதுக்குள்ள துப்பாக்கி அர்த்தம் மங்கிப்போயி சபை அர்த்தம் நெலச்சிடுச்சு.

இதே காலத்துல அதே சொல் ஸ்பானிஷ் ஆட்சியில இருந்த ஃபிலிப்பைன்ஸ்ல வேற ஒரு உருவம் எடுத்துச்சு. அங்க யாரையாவது ஃபிலிபுஸ்டெரோன்னு அதிகாரிங்க சொல்லிட்டா அவன் ராஜத் துரோகி, தலை தப்பாது. 1872ல மூணு பாதிரியார்கள கலகத்துக்குத் தூண்டுனாங்கன்னு சொல்லி மணிலாவுல கொன்னாங்க. பின்னாடி அந்த நாட்டோட பெரிய எழுத்தாளரான ஹோசே ரிசால் அப்ப சின்னப் பையன், அந்த சொல்ல அப்பதான் மொதமொதலா கேள்விப்பட்டதாவும், வீட்டுல அந்த சொல்ல வாயால கூட சொல்லக்கூடாதுன்னு அவங்க அப்பா தடை போட்டதாவும் பின்னாடி ஒரு கடிதத்துல எழுதிருக்காரு. 1891ல தன்னோட ரெண்டாவது நாவலுக்கு அந்த சொல்லயே தலைப்பா வச்சாரு, எல் ஃபிலிபுஸ்டெரிஸ்மோ, அந்த மூணு பாதிரியார்களுக்கு சமர்ப்பணம் பண்ணி. 1896 டிசம்பர் 30ம் தேதி அவரயும் சுட்டுட்டாங்க. வாஷிங்டன்ல இங்கிட்டு அரசியல்வாதிங்க ஒருத்தர ஒருத்தர் கேலி பண்ணிக்கிற சொல், கடலுக்கு அங்கிட்டு ஒரு வீட்டுல உச்சரிக்கவே பயந்த சொல். 1912ல வந்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்புல தலைப்ப "பேராசையின் ஆட்சி"ங்கற அர்த்தத்துல மாத்திட்டாங்க. அந்த நேரத்துக்கு அமெரிக்கர்கள் காதுல ஃபிலிபஸ்டர்னா செனட்தான் ஞாபகம் வந்திருக்கும்னு நான் நெனைக்கிறேன்.

சரி செனட்டுக்கு வருவோம். பல பேரு இது அமெரிக்க அரசியல் சட்டத்துலயே இருக்குற உரிமைன்னு நெனைக்கிறாங்க, இல்லவே இல்ல. 1806ல செனட் தன்னோட விதிகள சுத்தம் பண்றப்ப, விவாதத்த முடிச்சு ஓட்டுக்கு விடுற ஒரு விதி யாரும் பெருசா பயன்படுத்தாம கெடக்கு, எதுக்கு இதுன்னு எடுத்துப் போட்டுட்டாங்க. அப்புறம் பேச ஆரம்பிச்சவன நிறுத்த வழியே இல்ல. 1917ல கப்பல்களுக்கு ஆயுதம் குடுக்குற மசோதாவ ஒரு டஜன் பேரு பேசிப் பேசியே சாகடிச்சதும் ஜனாதிபதி வில்சன் கோவத்துல கொதிச்சு, அந்த மார்ச்லயே மூணுல ரெண்டு பங்கு ஓட்டு இருந்தா பேச்ச நிறுத்தலாம்னு ரூல் வந்துச்சு.

அந்தக் காலத்துல ஃபிலிபஸ்டர்னா உடம்பு உழைப்பு. உக்காரக் கூடாது, எடத்த விட்டு நகரக் கூடாது. 1935ல லூசியானாவோட ஹ்யூயி லாங் 15 மணிநேரத்துக்கு மேல பேசுனப்ப விஷயம் தீந்துபோய் சிப்பி வறுக்குற பக்குவம் எல்லாம் சொல்லிட்டு இருந்தாரு, விடியக்காலம் 4 மணி வாக்குல பாத்ரூம் போகணும்ங்கறதால முடிச்சாரு. 1957 ஆகஸ்ட் 28 ராத்திரி 8:54க்கு தெற்கு கரோலினா செனட்டர் ஸ்ட்ரோம் தர்மண்ட் எழுந்து நின்னாரு, கறுப்பின மக்களோட ஓட்டுரிமைக்கான மசோதாவ எதிர்த்து. உடம்புல தண்ணியே இல்லாம இருக்கணும்னு முன்கூட்டியே நீராவிக் குளியல் எல்லாம் எடுத்து, பாக்கெட்ல தொண்டை மிட்டாய், மால்ட் மாத்திர எல்லாம் ரொப்பிக்கிட்டு வந்துட்டாரு, அவசரத்துக்குப் பக்கத்து ரூம்ல ஒரு ஆளு வாளியோட நின்னாராம். அப்பருந்த 48 மாநிலத்தோட தேர்தல் சட்டங்கள எழுத்து வரிசைப்படி படிச்சாரு. 24 மணிநேரம் 18 நிமிஷம். முடிச்சு ரெண்டு மணிநேரத்துல மசோதா 60க்கு 15ன்னு நெறைவேறிடுச்சு. உங்க விளக்கம் இந்த ராத்திரிக்கு ரொம்பப் பொருந்தும், தப்பே சொல்ல மாட்டேன்.

1964ல நெலம வேற. சிவில் உரிமை மசோதாவுக்கு எதிரா வாரக்கணக்குல பேச்சு ஓடுச்சு, கடைசியில ஜூன் 10ம் தேதி பேச்ச நிறுத்துற ஓட்டு. கலிஃபோர்னியாவோட கிளேர் எங்கிள், மூளையில கட்டி, பேச்சே போயிருச்சு, சக்கர நாற்காலியில வச்சுத் தள்ளிட்டு வந்தாங்க. பேரக் கூப்பிட்டதும் வாய் வரல, கைய மெல்லத் தூக்கி தன் கண்ணக் காட்டுனாரு. இங்கிலீஷ்ல கண்ணுக்கும் ஆமாம்னு போடுற ஓட்டுக்கும் ஒரே உச்சரிப்பு, ஐ. எழுத்தர் புரிஞ்சுகிட்டு அத ஓட்டா எழுதிக்கிட்டாரு. 71க்கு 29, பேச்சு நின்னுச்சு. அடுத்த மாசம் எங்கிள் எறந்துட்டாரு.

இதுக்கப்புறம்தான் நீங்க கவனிக்காம விட்ட மாத்தம். 1970-கள் ஆரம்பத்துல, ஒரு மசோதா ஃபிலிபஸ்டர்ல மாட்டிக்கிட்டா மொத்த சபையும் நிக்க வேண்டாம், அத ஒரு ஓரமா வச்சுட்டு வேற வேலைய பாக்கலாம்னு ரெட்டத் தண்டவாளம் மாதிரி ஒரு ஏற்பாடு வந்துச்சு. 1975ல மூணுல ரெண்டுங்கறத அஞ்சுல மூணா கொறச்சாங்க, ஆனா ஓட்டுப் போட வந்தவங்கள்ல இல்ல, மொத்த உறுப்பினர்கள்ல அஞ்சுல மூணு. 100 பேருல 60. கேக்க சலுக மாதிரி இருக்கும், சூட்சுமம் என்னன்னா மசோதா வேணுங்கறவன்தான் 60 பேரத் தெரட்டிக் கூட்டிட்டு வரணும், வேண்டாங்கறவன் சபைக்கே வர வேண்டியதில்ல, வீட்டுல தூங்கலாம். வாளி வேண்டாம், மால்ட் மாத்திர வேண்டாம். நாங்க எதிர்க்கிறோம்னு தகவல் சொன்னாலே போதும். கஷ்டம் போனதும் அடிக்கடி நடக்க ஆரம்பிச்சுது, 1960-கள்ல ரெண்டு வருஷத்துக்கு விரல் விட்டு எண்ணுற அளவுக்கு இருந்த பேச்சு நிறுத்தக் கோரிக்கைகள் இப்பல்லாம் நூத்துக்கணக்குல போகுது. பட்ஜெட் சம்பந்தமான சில மசோதாக்களுக்கு இது கெடையாது, 2013லயும் 2017லயும் பதவி நியமனங்களுக்கும் எடுத்துட்டாங்க, மத்தபடி சாதாரண சட்டம் எல்லாத்துக்கும் அந்த 60 வேணும்.

இதுல பெரிய வேடிக்கை 2025ல நடந்துச்சு. மார்ச் 31 சாயங்காலம் செனட்டர் கோரி புக்கர் பேச ஆரம்பிச்சாரு, சபலம் வந்து உக்காந்துடக் கூடாதுன்னு தன் நாற்காலியவே எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாரு, 25 மணிநேரம் 5 நிமிஷம் நின்னு பேசி தர்மண்டோட ரெக்கார்ட ஒடச்சாரு. கறுப்பினத்தவர் ஒருத்தர் அந்த ரெக்கார்ட எடுத்தது எனக்கு மனசுக்கு ரொம்ப நெறவா இருந்துச்சு. ஆனா அவரு எந்த மசோதாவயும் மறிக்கல, டிரம்ப் அரச எதிர்த்து ஒரு போராட்டமா பேசுனாரு. அதனால கணக்குப்படி அது ஃபிலிபஸ்டரே இல்ல. அன்னைக்குப் பாதிப் பேப்பர்ல ஃபிலிபஸ்டர்னுதான் வந்துச்சு. ஆக பேசுனது ஃபிலிபஸ்டர் இல்ல, போன வாரம் யாரும் வாயே தொறக்காம நடந்தது ஃபிலிபஸ்டர்.

லண்டன்ல கத வேற, அங்க இன்னும் பழைய அர்த்தம் உயிரோட இருக்கு. வெள்ளிக்கிழமைகள்ல பாராளுமன்றத்துல தனி உறுப்பினர் மசோதா, அதாவது மந்திரி இல்லாத உறுப்பினர் கொண்டு வர்ற மசோதா, வர்றப்ப மதியம் 2:30 வரைக்கும் இழுத்துப் பேசிட்டா மசோதா அதோட போச்சு. அதனால செய்தி எந்த ஊர்லருந்து வருதுன்னு பாத்துத்தான் அடைப்புக்குறி போடணும்.

என் யோசன, வாஷிங்டன் செய்திக்கு "முட்டுக்கட்டை"ன்னு எழுதுங்க. சக்கரத்துக்கு அடியில கட்டைய குடுத்துட்டு ஆளு பாட்டுக்குப் போயிரலாம், கட்டை பேசாது, வண்டியும் நகராது, இன்னைக்கு அங்க நடக்குறது அச்சு அசலா அதுதான். கீழ ஒரே ஒரு வரி, 60 ஓட்டுக் கெடைக்கலன்னு போட்டா போதும். அப்புறம் அந்த மைக் படத்த தயவுசெஞ்சு மாத்துங்க, காலி நாற்காலி படம் இருந்தா போடுங்க.

கடிதம் ரொம்ப நீண்டுருச்சு, எங்க வேணா வெட்டிக்கோங்க, உங்களுக்கு 60 ஓட்டெல்லாம் வேண்டாம். வாக்கர் கதைய வேணா மொத்தமா எடுத்துருங்க, ரிசாலோட அப்பா வர்ற அந்த வரிய மட்டும் விட்டுருங்க.

இப்படிக்கு
உங்க பேப்பரோட பழைய வாசகர்